தள்ளுற வண்டி

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலை எட்டு மணிக்கே ஒரகடம் தொழிற்சாலை முழுக்கச் சாம்பிராணிப் புகை. எங்கள் கத்திரிக்காய்க்கும் மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். கத்திரிக்காய் என்பது கார். நாங்கள் உருவாக்கும் புது சின்னக் காரின் முதல் மாதிரி வண்டி. பெயின்ட் பிரிவில் மிச்சம் கிடந்த ஊதா நிறத்தை அதன் தலையில் கொட்டிவிட்டார்கள். காகிதத்தில் வி.எஸ்.2 என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எலுமிச்சம்பழம் வைக்கும்போது ஒரு தகராறு. வழக்கம்போல முன்சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனார்கள். "யோவ், இது பின்சக்கரத்துல ஓடுற வண்டி. பழத்தைப் பின்னாடி வைங்க" என்று நான் சத்தம் போட்டேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த மஜீத் பாய் தலையை வெளியே நீட்டினார். எங்கள் சோதனை ஓட்டுநர், இருபத்தாறு வருஷ சர்வீஸ். "நாலுக்கும் வச்சிருங்க மேடம். எந்தச் சக்கரமும் கோவிச்சுக்காது." நாலுக்கும் வைத்தோம்.

ஆறு வருஷ உழைப்பு இது. எஞ்சின் பின்னால், பின்சக்கரங்கள்தான் வண்டியை ஓட்டும். முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும். அதனால் ஒடுக்கமான தெருவில்கூட ஒரே வளைப்பில் திரும்பிவிடும். ஆள் ஏற ஏறப் பின்சக்கரப் பிடிப்பு கூடும். பைக்கில் நாலு பேராகப் போகிற குடும்பம் வாங்கக்கூடிய விலை. சின்னக் கார் என்றாலே முன்சக்கர ஓட்டம்தான் என்று எங்கள் கம்பெனியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இந்தக் காரைத் தயாரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நவம்பர் நாலாம் தேதி கமிட்டி உட்காரும்போது அந்தச் சட்டம் உடையும். இந்த வடிவாம்பாள் சொன்னால் சொன்னதுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

இதைக் கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன். தாம்பரம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எழுத்து ஆடினால் ரோட்டைத்தான் திட்ட வேண்டும்.

மக்களிடம் கருத்துக் கேட்கும் ஏஜென்சியிலிருந்து சிவநேசன் என்பவர் கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பத்தொன்பதாவது கேள்வி: "தங்கள் மகிழுந்து முன்சக்கர உந்துவிசை உடையதாக இருத்தலை விரும்புவீரா, பின்சக்கர உந்துவிசை உடையதாக இருத்தலை விரும்புவீரா?" அட ஆண்டவா! இதைக் கேட்டால் ஜனங்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். எங்கள் அம்பாசமுத்திரத்தில் யாராவது உந்துவிசையை விரும்பி நான் பார்த்ததில்லை.

பஸ் படப்பை தாண்டுவதற்குள் மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன். "உங்கள் கார் முன்னாடி இருந்து இழுக்குற வண்டியா இருக்கணுமா, பின்னாடி இருந்து தள்ளுற வண்டியா இருக்கணுமா?" எவ்வளவு எளிமை! ஒரு குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். சிவநேசன் இரண்டு கைகூப்பும் படமும் "சூப்பர் மேடம்" என்றும் அனுப்பினார். பொறியியல் படித்தவர்களுக்குத் தமிழ் வராது என்று எவன் சொன்னான்?

அக்டோபர் 8, புதன்

கத்திரிக்காயின் சூடு குறைந்துவிட்டது. பின்பக்கக் காற்றுத் துளைகளை இரண்டு விரற்கடை அகலப்படுத்தியதும் எஞ்சின் சமர்த்தாகிவிட்டது. கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

முடிவு வந்துவிட்டது.

ஆயிரத்து இருநூறு பேரிடம் கேட்டிருக்கிறார்கள். முன்சக்கரம் வேண்டும் என்றவர்கள் ஆயிரத்து முப்பத்தொன்று. பின்சக்கரம் என்றவர்கள் நூற்றுப் பன்னிரண்டு. மிச்சப் பேர் தெரியாது என்றிருக்கிறார்கள்.

கூட்டத்தில் நிதி இயக்குநர் பத்மஜா மேடம் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ரொம்ப மென்மையாகத்தான் சொன்னார். "மக்களே வேண்டாம்னு சொல்றாங்க வடிவு. நாம ஏன் பிடிவாதம் பிடிக்கணும்? நாலாம் தேதி இதை முடிச்சுடலாம்." அந்த 'முடிச்சுடலாம்' என்பது என் காதிலேயே நிற்கிறது. திட்டத் தலைவர் தணிகாசலம் சார் தன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை வரவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆயிரத்து முப்பத்தொரு பேரோடு யார் சண்டை போடுவது?

ஜனங்களுக்கு என்ன கேடு? அத்தனை பேரும் ஒரே மாதிரி முன்சக்கரம் என்கிறார்களே! நம்பவே முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஏஜென்சிதான் கெடுத்திருக்கிறது. சந்தேகமே இல்லை. போன இடத்தில் எதையோ உளறி, எதையோ டிக் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். தணிகாசலம் சாருக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதி அனுப்பினேன். ஆள் தேர்வு சரியில்லை, விளக்கம் சரியில்லை, கேள்வி கேட்ட முறை சரியில்லை. எழுதி முடித்ததும் மனசு லேசானது. கேன்டீனில் எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது. இரண்டாம் முறை வாங்கினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

சோதனைத் தடத்தில் மஜீத் பாயோடு நாற்பது சுற்று. பின் ஸ்பிரிங் மாற்றியதால் குலுக்கல் எப்படி என்று பார்க்க வேண்டியிருந்தது. நான் பக்கத்து இருக்கையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இருபதாவது சுற்றில் பாய் தானாகவே சிரித்தார். என்ன பாய் என்றேன்.

"வாணியம்பாடியில என் மச்சான்கிட்டயும் வந்து கேட்டாங்களாம் மேடம், நம்ம வண்டிய பத்தி. இழுக்குற வண்டி வேணுமா, தள்ளுற வண்டி வேணுமான்னு. அவன் என்கிட்ட போன்ல கத்துறான். 'ஏன் பாய், எவனாவது காசு குடுத்துத் தள்ளுற வண்டி வாங்குவானா? போன வண்டியத் தள்ளித் தள்ளியே என் இடுப்பு போச்சு, நல்லா இழுக்குற வண்டியா குடுங்கப்பா'ன்னு சொல்லிட்டானாம்."

நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தள்ளுற வண்டின்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்? ஸ்டார்ட் ஆகாத வண்டி. இழுக்குற வண்டின்னா பிக்கப் உள்ள வண்டி. யாரு மேடம் இந்தக் கேள்விய எழுதினது? டீக்கடைப் பக்கமே போகாத ஆளு போல."

தெரியாது பாய் என்று சொன்னேன். இருபத்தொன்றாவது சுற்றில் குலுக்கல் சற்றுக் குறைந்திருந்தது.

அக்டோபர் 18, சனி

தலைவலி. மூன்று பக்கெட் துணி துவைத்தேன். வாஷிங் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. கையால் துவைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன். சிவநேசன். முதலில் வாழ்த்துச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"மேடம், உங்க கம்பெனியிலேர்ந்து புகார் வந்திருக்கு. கேள்வி கேட்ட விதமே தப்புன்னு. எங்க முதலாளி என்னைத்தான் கேக்கறாரு. நீங்க மாத்திக் குடுத்த மெசேஜ் என் போன்ல இருக்கு. உங்களைக் கேக்காம அதைக் காட்டறது மரியாதை இல்லையேன்னுதான்..."

"நாளும் கிழமையுமா எதுக்கு சிவநேசன் இந்தப் பேச்சு? அப்புறம் பாப்போம்" என்று வைத்துவிட்டேன்.

யாரது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ராங் நம்பர் என்றேன். அதன்பிறகு நின்றுகொண்டே ஏழு முறுக்கு தின்றேன். எண்ணியது அவர்தான்.

அக்டோபர் 22, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. இதிலேயே பொய் சொன்னால் எனக்கு வேறு போக்கிடம் ஏது?

தப்பு என்னுடையது. என் ஒரு வரி, ஒரே ஒரு வரி, என் காரைக் கொன்றுகொண்டிருக்கிறது. ஆயிரத்து முப்பத்தொரு பேரும் ரொம்பச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் இழுக்குற வண்டிதான் கேட்பேன். உந்துவிசை என்று கிடந்த கேள்வியை அப்படியே விட்டிருந்தால் பாதிப் பேர் தெரியாது என்றாவது சொல்லியிருப்பார்கள்.

இன்று மத்தியானம் தணிகாசலம் சார் கூப்பிட்டார். "உன் புகார் மேலே போயிருச்சு வடிவு. அந்த ஏஜென்சியை இனிமே சேத்துக்க வேண்டாம்னு எம்.டி. சொல்லிட்டார். அந்த சிவநேசன் வேலையும் போயிரும்போல. ஆனா அது நமக்கு உதவாது. கணக்கெடுப்பு தப்புன்னா, சரியான கணக்கெடுப்பு எங்கன்னு பத்மஜா கேப்பாங்க. நாலாம் தேதிக்குள்ள கையில ஏதாவது இருந்தா கொண்டா."

உண்மையைச் சொன்னால், தன் காருக்காக வடிவு கேள்வியில் கை வைத்தாள், அதையும் சொதப்பினாள் என்பார்கள். அதற்கப்புறம் நான் எதைக் கொண்டுபோனாலும் எடுபடாது. கார் போய்விடும். சொல்லாவிட்டால் சிவநேசன் போய்விடுவார். அந்த மனுஷனை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கலாம்.

முதலில் கையில் ஏதாவது வேண்டும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கார் வைத்திருப்பவர்களிடம் நானே நேரில் கேட்டுப் பார்க்க, சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போகிறேன். வண்டியோட்ட மஜீத் பாய் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 25, சனி, திருப்பத்தூர் லாட்ஜ்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. மேலே போகிற கார்கள் எல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். தார்ச்சாலையை விட்டுக் கிளை பிரிந்து ஊர்களுக்கும் கோயில்களுக்கும் போகிற மண்பாதைகள் செங்குத்தானவை. இரண்டு நாளாக நல்ல மழை. நானும் பாயும் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டோம்.

கேள்வியை மாற்றி யோசித்து வைத்திருந்தேன். 'ஆட்டோவில் இருப்பதுபோல எஞ்சின் பின்னால் இருந்தால் பிடிக்குமா?' ஆட்டோ தெரியாத ஆள் உண்டா! முதலில் கிடைத்தவர் ஒரு உரக்கடைக்காரர். முகம் சுண்டிவிட்டது. "ஆட்டோவாம்மா? நான் கார் வாங்கலாம்னு இருக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி ஆட்டோல போய் எறங்கவா?" அடுத்தவரும் அதேதான். மூன்றாமவர், டிக்கி முன்பக்கம் வரும் என்றதுமே எழுந்து போய்விட்டார். "டிக்கி முன்னாடி வந்தா அதுக்குப் பேரு டிக்கியா மேடம்?" என்று பாய் வேறு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார். கேள்வி எழுதுவதில் எனக்கு இருக்கும் திறமை தெய்வச் செயல்.

பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. எங்கள் கம்பெனியின் பழைய சின்னக் கார், முன்சக்கர ஓட்டம். உள்ளே ஆறு பேர், மடியில் அண்டா. ஓட்டி வந்தவர் இறங்கி டீ சொன்னார். நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். மண்பாதையில் இத்தனை பேரோடு ஏறுமா?

"நம்ம வண்டியா? எங்க விட்டாலும் ஏறும்ங்க" என்று பானெட்டில் ஒரு தட்டு தட்டினார்.

பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. அவர் மனைவி. "ஏறும், ஏறும். நான் எறங்கினா ஏறும்."

"ஏய், சும்மா இரு."

"என்ன சும்மா இரு? கோயிலுக்குப் போறப்ப ரெண்டு தடவ, உங்க அக்கா வீட்டுக்குப் போறப்ப ஒரு தடவ. கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு அந்தச் சேத்துல நடந்தே ஏறினேன். இவரு மேல போய் நின்னுக்கிட்டு ஹார்ன் அடிக்கிறாரும்மா, சீக்கிரம் வான்னு!"

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே ஒன்று உறைத்தது. ஏஜென்சி வைத்திருந்த விதி, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது. ஆயிரத்து இருநூறில் ஆயிரத்து நூறுக்கு மேல் ஆண்கள். இறங்கி நடந்தவளிடம் யாருமே கேட்கவில்லை. நானும்தான்.

அதற்கப்புறம் சக்கரத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. ஓட்டுகிறவரிடம் ஒரு கேள்வி: ஏற்றத்தில் எப்போதாவது ஆளை இறக்கிவிட்டதுண்டா? உள்ளே இருப்பவர்களிடம் ஒரு கேள்வி: இறங்கியது யார்?

அக்டோபர் 26, ஞாயிறு

இரண்டு நாளில் அறுபத்து நான்கு கார். ஆளை இறக்கியதே இல்லை என்று நாற்பத்தொரு ஓட்டுநர்கள் சொன்னார்கள். அந்த நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது கார்களில், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் 'நான் இறங்கியிருக்கிறேன்' என்றது. ஒருத்தி நிறைமாதத்தில் இறங்கியிருக்கிறாள். ஒருத்தி பட்டுப்புடவையோடு. ஒருத்தி சொன்னாள், "எறங்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வண்டி நின்னுச்சுன்னா நமக்கே தெரியுமில்ல." அதை அவள் சொன்னபடியே எழுதி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார், விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்: "ஏன், நீ எறங்கினதில்லையா? பாபநாசத்துக்கு மேல, எங்க சித்தப்பா குடும்பத்தோட போனமே?"

"நான் எடைக்கணக்கு தெரிஞ்சு எறங்கினேன். பின்னாடி பாரம் குறைஞ்சா முன்சக்கரம் பிடிக்கும்."

"எங்க சித்தப்பா தொண்ணூறு கிலோ. கணக்குப்படி அவரைத்தான எறக்கியிருக்கணும்?"

பதினேழு வருஷமாக வண்டிகளின் எடைக்கணக்கு போடுகிறவள் நான். போய் இட்லிக்கு ஊறப் போட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

சிவநேசனுக்குப் போன் செய்தேன். "அந்த மெசேஜை யார்கிட்டயும் காட்டாதீங்க" என்று தொடங்கினேன். "நாலாம் தேதி நானே சொல்றேன். அன்னைக்கு வரைக்கும் உங்க முதலாளியைப் பொறுக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் நன்றி சொன்னார். எனக்கு நன்றி சொல்கிறார்! வெட்கமாக இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

சேலை தேய்த்து வைத்தாகிவிட்டது. பயமா என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன். பயம்தான். ஆனால் என் கார் மேல் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. என் வாய் மேல்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன். மழை. ஜன்னல் ஒழுகி நோட்டின் ஓரம் நனைகிறது. பரவாயில்லை, இன்று நடந்ததை இன்றே எழுதியாக வேண்டும்.

காலை பத்தரைக்குக் கூட்டம். எம்.டி., பத்மஜா மேடம், விற்பனைத் தலைவர், தணிகாசலம் சார். நான் எழுந்து நின்றதும் அறுபத்து நான்கு காரைப் பற்றித் தொடங்கலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. அதிலிருந்து தொடங்கினால் மற்றதைச் சொல்ல எனக்கு வாயே வராது என்று தெரியும். அதனால் முதலில் அதைப் போட்டு உடைத்தேன்.

"பத்தொன்பதாவது கேள்வியை எழுதினது ஏஜென்சி இல்லை. நான். அவங்க அனுப்பினதை மாத்தி, தள்ளுற வண்டின்னு நான்தான் போட்டேன். ஜனங்க அதை ஸ்டார்ட் ஆகாத வண்டின்னு எடுத்துக்கிட்டாங்க. அது தெரிஞ்ச பிறகும் பதினெட்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். புகாரை வாபஸ் வாங்கறேன். சிவநேசன் மேல எந்தத் தப்பும் கிடையாது."

விற்பனைத் தலைவர் முதலில் சிரித்தார். தள்ளுற வண்டி என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்து மறுபடி சிரித்தார். எம்.டி. சிரிக்கவில்லை. தணிகாசலம் சார் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். நான் அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் மலை அடிவாரக் கணக்கை வைத்தேன். பத்மஜா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் கேள்வியும் நீங்க எழுதினது. ரெண்டாவது கேள்வியும் நீங்க எழுதினது. இதுல எதை நம்பறது, சொல்லுங்க."

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இந்தக் கேள்வி வரும் என்று ஒரு வாரமாகத் தெரியும்.

"ரெண்டையுமே நம்ப வேண்டாம் மேடம். வெளிய மழை பெய்யுது. கீழ சரிவுப் பாதையில மண்ணும் ஜல்லியும் நனைஞ்சு கிடக்கு. நீங்க நாலு பேரும் வந்து உட்காருங்க. மஜீத் பாய் ஓட்டுவாரு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

சரிவுப் பாதை, ஐந்தடி போனால் ஓரடி உயரும். முதலில் எங்கள் பழைய சின்னக் கார். எம்.டி. முன்னால். பின்னால் தணிகாசலம் சார், நடுவில் விற்பனைத் தலைவர், இடது கதவோரம் பத்மஜா மேடம். நான் சரிவின் நடுவில் ஓரமாகக் குடையோடு நின்றேன். வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. பாதி ஏற்றத்தில், எனக்கு மூன்றடி தூரத்தில், முன்சக்கரங்கள் வழுக்கின. பாய் கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி ஏற்றினார். சக்கரம் சுழன்று சுழன்று ஜல்லியை வாரி இறைத்ததே தவிர, வண்டி ஓரங்குலம் ஏறவில்லை.

ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு கேட்டது. "ஒருத்தர் இறங்கினா ஏறிடும் சார்" என்றார் பாய். இப்படிச் சொல்லச் சொல்லி நான் அவருக்குச் சொல்லவில்லை. எந்த ஓட்டுநரும் சொல்வதைத்தான் அவர் சொன்னார்.

பின்னால் இருந்த மூன்று பேரில் தணிகாசலம் சார்தான் கனம். எண்பத்தெட்டு கிலோ. அவர் பக்கமும் ஒரு கதவு இருந்தது.

இடது கதவு திறந்தது. பத்மஜா மேடம் ஒரு கையில் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு பார்த்துக் காலை வைத்து இறங்கினார். கதவைச் சாத்தினார். வண்டி இரண்டு உறுமல் உறுமி, தடுமாறி, மூன்று ஆண்களோடும் மேலே போய்விட்டது. மேலே போனதும் யாரோ கூப்பிட்டார்கள். "மேடம், வாங்க, வாங்க!"

நான் ஓடிப்போய்க் குடையைப் பிடித்தேன். அவர் நகரவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவு, என்னை யாராவது இறங்கச் சொன்னாங்களா?"

"இல்லை மேடம்."

"அப்புறம் நான் ஏன் இறங்கினேன்?"

பேச மாட்டேன் என்ற வாக்கை மீறி ஒரு பதில் சொல்லியாகிவிட்டது. குடையை அவர் பக்கம் இன்னும் சாய்த்தேன். அம்பத்திரண்டு வயது, முந்நூறு பேருக்கு அதிகாரி, எம்.டி.யையே மறுத்துப் பேசுகிறவர். அவர் அந்த மழையில் நின்ற நிற்பு எனக்குத் தாங்கவில்லை.

பிறகு கத்திரிக்காய் வந்தது. அதே நான்கு பேர், அதே இருக்கைகள். பத்மஜா மேடம் அதே கதவோரம். பாய் கீழிருந்து எடுத்தார். பாதி ஏற்றத்தில், ஜல்லி குவிந்து கிடந்த அதே இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தினார். எடுத்தார். பின்பக்கம் லேசாக அமுங்கியது. அப்படியே ஏறிப் போய்விட்டது. ஒரு கல்கூடத் தெறிக்கவில்லை. நான் பின்னாலேயே நடந்து போனேன். கொஞ்சம் ஓடினேன் என்றும் சொல்லலாம்.

மேலே ஆண்கள் மூவரும் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார்கள். விற்பனைத் தலைவர் முன்பக்க டிக்கியைத் திறந்து பார்த்தார். எம்.டி. குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தணிகாசலம், பின்சக்கரமே இருக்கட்டும். நாளைக்குக் காலைல கையெழுத்துக்கு வைங்க. அந்த ஏஜென்சிக்கு இன்னைக்கே மன்னிப்புக் கடிதம் போகணும், வடிவாம்பாள் பேரிலேயே." என் பக்கம் திரும்பினார். "இனிமே தமிழ்ல கேள்வி எழுதற வேலை உங்களுக்கு வேண்டாம்." சரி சார் என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

பத்மஜா மேடம் மட்டும் வண்டிக்குள்ளேயே இருந்தார். மழை வலுத்தது. எம்.டி. ஜன்னலோரம் போய், "கான்ஃபரன்ஸ் ரூமுக்குப் போய்ப் பேசலாமே, இறங்குங்க" என்றார்.

"நீங்க போய்ப் பேசிட்டு இருங்க சார்" என்றார் அவர், இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "பாய், இன்னொரு தடவை கீழ போய் ஏத்துங்க. நான் இறங்கல."